கடைசிப் பத்தியை மூடிய கை

ஒரு பக்கக் கதை படிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று என்னைக் கேட்டால், உலை காய்கிற நேரம் என்பேன். நான் படிக்கப் பழகியது அப்படித்தான். அடுப்பில் உலையை ஏற்றிவிட்டு, முறத்தில் அரிசியும் மடியில் பத்திரிகையுமாக உட்கார்ந்தால், தண்ணீர் சலசலக்கும்போது கதை முடிந்திருக்கும். கரி சரியாகப் பற்றவில்லை என்றால் ஒன்றுக்கு இரண்டாகக் கிடைக்கும். தொடர்கதை படிக்கிறவர்கள் வீட்டில்தான் குழம்பு அடிப்பிடிக்கும். என் வீட்டில் பிடித்ததில்லை. நான் ஒரு பக்கக் கதைக்காரி.

எழுபதுகளின் நடுவில் கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்தேன். என் வீட்டுக்காரருக்கு மைன்ஸில் ஷிஃப்ட் வேலை. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் பிறந்தவளுக்கு அந்த ஊர் முதலில் பிடிபடவில்லை. பிளாக்குக்கு ஓர் எண், வீட்டுக்கு ஓர் எண், எல்லா வீடும் ஒரே அச்சு. வாசலில் நிற்கிற மரத்தை வைத்துத்தான் நம் வீடு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். மதுரைக்காரர்கள், கோயம்புத்தூர்க்காரர்கள், சுற்றுப்பட்டு கிராமத்துக்காரர்கள் என்று ஒரே வரிசையில் குடியிருந்தோம். வீட்டுக்கு வீடு சாம்பார் வாசனை மாறும். கேட் மட்டும் மாறாது.

அந்தக் கேட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரும்புக் கேட். கொக்கியைத் தூக்கிப் போட்டால் 'டங்' என்று ஒரு சத்தம் கேட்கும், அது நேரே படுக்கையறை ஜன்னலுக்குத்தான் போகும். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து பகலில் தூங்குகிற மனிதருக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. அதனால் பழைய வேட்டியில் ஒரு நீளத்தைக் கிழித்துக் கொக்கியில் சுற்றிக் கட்டிவிடுவோம். சத்தம் வராமலிருக்கக் கட்டிய துணி போகப் போக ஓர் அறிவிப்பாகவே ஆகிவிட்டது. கேட்டில் துணி இருந்தால் உள்ளே ஒருவர் தூங்குகிறார் என்று அர்த்தம். யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பிள்ளைகள் பந்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடும். அந்த வீட்டுப் பெண் ரேடியோ போட மாட்டாள், அம்மியில் கை வைக்க மாட்டாள், தாளிக்கிறதைக்கூட அவர் எழுந்திருக்கிற வரைக்கும் தள்ளிப் போடுவாள். இது எங்கும் எழுதி ஒட்டிய சட்டமில்லை. ஆனால் மீறியவர்களை நான் பார்த்ததில்லை.

ஷிஃப்ட் வாரா வாரம் மாறும். துணியும் அதோடு வீடு வீடாக மாறும். எங்கள் வரிசைக்கு எல்லோருமாகச் சேர்ந்து ஒரே ஒரு வாரப் பத்திரிகை வாங்கினோம். மெயின் பஜாரில் தீர்ந்துபோனால், வடலூர் போகிறவர் யாராவது அங்கே பஸ் ஸ்டாண்ட் கடையில் வாங்கி வருவார். அது முதலில் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதில் சண்டையே வந்ததில்லை. எந்த வீட்டுக் கேட்டில் துணி இருக்கிறதோ அந்த வீட்டுக்கு. பகல் முழுக்க ஊமையாக உட்கார்ந்திருக்கிறவளுக்கு வேறு என்ன போக்கு இருக்கிறது? அதனால் நைட் ஷிஃப்ட் வாரம் என்றால் ஆண்கள் முகம் சுருங்கும், எங்கள் முகம் மலரும். வெளியே சொல்லிக்கொள்ள மாட்டோம்.

எதிர் வீட்டில் திருவதிகைக்காரி ஒருத்தி இருந்தாள். என் வயதுதான். நானும் எஸ்.எஸ்.எல்.சி., அவளும் எஸ்.எஸ்.எல்.சி. அவள் வீட்டுக்காரருக்குப் பக்கத்துக் கிராமம், மைன்ஸில் பர்மனென்ட் ஆனதும் குவார்ட்டர்ஸ் கிடைத்து வந்திருந்தார்கள். ஒருநாள் அவள் வீட்டுக் கேட்டில் துணி இருந்தது. கறிவேப்பிலை கேட்கலாம் என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போனேன். துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தின் அடிப்பாகத்தை இடது கை உள்ளங்கையால் அழுத்தி மூடியிருந்தாள். வெயிலுக்காக மறைக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"என்ன செய்றீங்க?" என்று காதோடு கேட்டேன்.

"முடிவ மூடி வெச்சிகினு படிக்கிறேங்க. நானே சொல்லிப் பாத்துட்டு அப்புறம் தொறப்பேன்."

"சொல்லுங்க பார்ப்போம்."

"இந்தாளு இன்டர்வியூக்குப் போற வழியில ஒருத்தர்கூட சண்ட போட்டாரில்ல. உள்ள போனா அவருதாங்க முதலாளி."

கையை எடுத்தாள். அவர்தான் முதலாளி. எனக்கு அதிசயமாக இருந்தது. அவள் அலட்டிக்கொள்ளாமல் பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த கதையில் ஒரு மனைவி, புருஷன் தினமும் தாமதமாக வருகிறார் என்று சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள். உள்ளங்கை மறுபடி கீழே போய் உட்கார்ந்தது. "ஓவர்டைம் பாத்து இவளுக்குப் பொடவ எடுத்திருப்பாரு பாருங்க. இந்தப் பொண்ணு அது தெரியாம அழுதுகினு கெடக்குது." கை நகர்ந்தது. புடவை இருந்தது. கரும்பச்சையில் அரக்கு பார்டர் என்று எழுத்தாளர் நிறம்கூடப் போட்டிருந்தார்.

அன்றிலிருந்து நாங்கள் சேர்ந்து படித்தோம். ஒரே பத்திரிகையில் இரண்டு தலை. நைட் ஷிஃப்ட் வாரம் அவளுக்கு என்றால் அவள் வீட்டுப் பின்பக்கம், எனக்கு என்றால் என் வீட்டுப் பின்பக்கம். பேசுவதெல்லாம் குசுகுசு. நானும் கையை வைத்து மூடிப் பார்த்தேன். எனக்கு வராது. எனக்குக் கதை எழுதினவர் மேல் நம்பிக்கை அதிகம், அவர் கூட்டிப்போகிற பக்கமெல்லாம் போவேன். அவளோ எழுதினவர் கை எங்கே நீள்கிறது என்று பார்த்துக்கொண்டே படிப்பாள். "மொத வரியில கொடைய பத்தி சொன்னாரில்ல, அத சும்மா சொல்லுவாராங்க?" என்பாள். எனக்கு முதல் வரியில் குடை இருந்ததே ஞாபகம் இருக்காது. இப்படி ஒரு வாசகி எனக்கு அதற்கு அப்புறம் வாய்க்கவில்லை. எழுதுகிறவர்களை எல்லோரும் மெச்சுகிறார்கள். படிக்கிறதிலும் ஒரு மேதைத்தனம் உண்டு என்பதை அந்தத் துவைக்கிற கல்லில்தான் நான் பார்த்தேன்.

ஒரே ஒரு முறை அவள் தோற்றாள். ஓய்வு பெறுகிற நாளில் ஒரு குமாஸ்தா எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்டு, தன் தலைக்கு மேலே சுற்றுகிற மின்விசிறியை நிறுத்துகிறார். அதற்குக் கீழே கை. "கொடைய மறந்துட்டு வந்து மறுபடி போவாருங்க" என்றாள். கையை எடுத்தால், அவர் வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து விசிறியைப் போட்டுவிட்டுப் போகிறார். அவ்வளவுதான் கதை. நான் அந்தக் கடைசி வரியையே திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். அவள், "தப்பா சொல்லிட்டேன்" என்று பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

"இன்னொரு தடவை படிக்கலையா?" என்றேன்.

"முடிவுதான் தெரிஞ்சி போச்சேங்க. தெரிஞ்ச கதைய என்னாத்துக்கு மறுபடியும் படிச்சிகினு?"

அதுதான் அவள் குணம். எந்தக் கதையையும் இரண்டாம் முறை படிக்க மாட்டாள். எனக்கு அன்றைக்குத்தான் வீம்பு பிடித்தது. நான் ஒரு கதை எழுத வேண்டும், அதன் கடைசிப் பத்தியில் இவள் கை வைத்தால் வாய் அடைத்துப்போக வேண்டும். பத்திரிகையில் பேர் வருவதைப் பற்றி எல்லாம் எனக்கு அப்போது ஆசை வரவில்லை. எதிர் வீட்டுக்காரியை ஜெயிக்க வேண்டும், அவ்வளவே.

எழுத உட்கார்ந்தபோதுதான் ஒரு பக்கம் என்பது எவ்வளவு சின்ன இடம் என்று தெரிந்தது. கிழித்த மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். முதல் கதையில் மழை வந்தது, மழைக்கு முன்னால் மேகம் வந்தது, கதாநாயகியின் பெரியப்பா வந்தார், அவருக்கு ஒரு சைக்கிள் வந்தது. டிசம்பர் வரைக்கும் தாள் செலவானதே தவிர, சொல்ல வந்த விஷயம் வரவில்லை. என் வீட்டுக்காரர் ஷேவ் செய்துகொண்டே எட்டிப் பார்த்தார்.

"கதையில நான் வாரேனா?"

"இன்னும் வரலை."

"வந்தா நல்லவனா வரணும், பாத்துக்கோ."

அவர் அப்படித்தான். கேலி செய்வார், ஆனால் நான் எழுதிக்கொண்டிருந்தால் காபியைத் தானே போட்டுக்கொள்வார்.

அதுவரைக்கும் உலை காய்கிற நேரத்தில் படித்துத் தள்ளிய கதைகளை எழுதியவர்கள் மேல் எனக்கு அப்போதுதான் மலைப்பு வந்தது. பழைய இதழ்களை எடுத்து வைத்துக்கொண்டு, எங்கே ஆரம்பிக்கிறார்கள் என்று மட்டும் பார்த்தேன். பஸ் கிளம்பின அப்புறம்தான் கதையை ஆரம்பிக்கிறார்கள். நான் ஊரிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வருகிறதிலிருந்து ஆரம்பித்துக்கொண்டிருந்தேன். ஒருவன் ஏழை என்று யாருமே எழுதவில்லை. மழை வந்ததும் செருப்பைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான் என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த வரியை நான் அன்று முழுக்க வாய்க்குள் சொல்லிக்கொண்டே வேலை செய்தேன். அவனுக்கு எத்தனை சட்டை, சம்பளம் என்ன, வீட்டில் யார் யார் என்று எல்லாமே அந்தச் செருப்பில் இருந்தது. இவர்கள் எல்லாம் எங்கே உட்கார்ந்து எழுதுகிறார்கள், அவர்கள் வீட்டிலும் உலை கொதிக்குமா என்று நினைத்துக்கொள்வேன்.

பெரியப்பாவை நீக்கினேன், சைக்கிளை நீக்கினேன், மேகத்தை மட்டும் மனசில்லாமல் ஒரு வரி வைத்துக்கொண்டேன். கதை ஒரு தாளுக்குள் அடங்கியதும் எதிர் வீட்டுக்குக் கொண்டு போனேன். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினாள். அச்சடித்த கதைக்குக் கொடுக்கிற அதே மரியாதை. தாளைக் கல்லில் விரித்து, கடைசி வரிகளின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு ஊருக்குத் திரும்பிப் போயிடும்."

போய்விட்டிருந்தாள். அடுத்த கதையில் தொலைந்த மோதிரம் மாவுக்குள் இருப்பதைச் சொல்லிவிட்டாள். அதற்கு அடுத்ததில், கோபித்துக்கொண்டு பேசாமலிருக்கிற அண்ணன்தான் தங்கை வளைகாப்புக்கு முதல் ஆளாக வந்து நிற்பான் என்றாள். நின்றான். சரி என்று ஒரு நாள், யாராலும் கண்டுபிடிக்க முடியாத மாதிரி ஒன்று எழுதினேன். கதை முழுக்க ஒரு பெண் தன் வீட்டு ஆளுக்காக வாசலில் காத்திருப்பாள், வரவில்லையே என்று புலம்புவாள், கடைசி வரியில் பார்த்தால் காத்திருந்தது ஒரு பூனை. எதிர் வீட்டுக்காரி நிஜமாகவே தடுமாறினாள். ஏதோ ஒன்று சொன்னாள், தப்பாகப் போயிற்று. கையை எடுத்துப் பூனையைப் பார்த்தாள். எனக்கு உள்ளுக்குள் கும்மாளமாக இருந்தது.

"இத யாருங்க கண்டுபுடிக்க முடியும்? எழுதி முடிக்கற வரைக்கும் உங்களுக்கே தெரிஞ்சிருக்காது" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இவ்ளோ நேரம் நான் அந்தப் பொண்ணுக்காகக் கவலப்பட்டுகினு இருந்தேன். இப்ப அந்தக் கவலைய எங்க கொண்டு போயி வெக்கிறது?" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வீட்டுக்கு வந்து பூனைக் கதையை அடுப்பில் போட்டேன். ஜெயித்த மாதிரியே இல்லை. பரீட்சையில் கேள்வித்தாளை மாற்றிக் கொடுத்துவிட்டுப் பிள்ளை ஃபெயில் என்று சொன்னது போலிருந்தது.

எண்பதுகள் பிறந்த சமயத்தில் அவர்களுக்குப் பெரிய குவார்ட்டர்ஸ் அலாட் ஆனது. டவுன்ஷிப்பின் அந்தக் கோடியில் வேறு பிளாக். சாமான்களை ஏற்ற வந்த லாரியைச் சுற்றி வரிசையே கூடி நின்றது. நல்ல விஷயம்தான், அறை கூடுதல், தோட்டம் பெரிது. எனக்கு மட்டும் சந்தோஷப்பட முடியவில்லை. நான் இன்னும் அவளை ஜெயிக்கவில்லை.

"எழுதுனா கொண்டாந்து காட்டுங்க. கைய வெச்சி மூடிகினுதான் படிப்பேன், சொல்லிட்டேன்" என்றாள். லாரியின் முன்பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டு எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

அவள் போன பிறகு தனியாகப் படிக்கப் பிடிக்கவில்லை. போதாக்குறைக்கு என் வீட்டுக்காரரை ஜெனரல் ஷிஃப்டில் போட்டுவிட்டார்கள். அவருக்கு அது விடுதலை, இரவில் மனுஷனாகத் தூங்கலாம். வீட்டிலும் இனி அம்மி அரைக்கலாம், ரேடியோ போடலாம், வாய்விட்டுப் பேசலாம். எல்லோரும் என்னைக் கொடுத்துவைத்தவள் என்றார்கள். துணியை அவிழ்த்துத் துவைத்து ஆணியில் மாட்டினேன். அடுத்த நாளிலிருந்து கேட் அடிக்க ஆரம்பித்தது. பாலுக்கு உறைமோர் கேட்டு ஒருத்தி, ஊர்க்கதை பேச ஒருத்தி, ஊசி நூல் கேட்டு ஒருத்தி. பத்திரிகையில் முதல் உரிமையும் போயிற்று. எல்லோர் கையும் பட்டு, ஓரம் சுருண்டு, குறுக்கெழுத்துப் போட்டியில் கட்டம் நிரம்பி, கடைசியாகத்தான் என்னிடம் வரும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் துணி அவர் தூக்கத்தை மட்டும் காக்கவில்லை, என்னையும் சேர்த்துக் காத்திருக்கிறது.

ஆணியில் தொங்குகிற துணியை ஒரு காலையில் கையில் எடுத்துக்கொண்டு கேட் வரைக்கும் போனேன். உள்ளே யாரும் தூங்கவில்லை. கட்டினால் யாருக்குத் தெரியப் போகிறது? தெரிந்துவிடும். வரிசையில் எல்லோருக்கும் எல்லோர் ஷிஃப்டும் அத்துப்படி. திரும்பி வந்துவிட்டேன். கட்டத் துணிச்சல் வரவில்லை. எழுதத்தான் வந்தது.

கதை இதுதான். புருஷன் ஜெனரல் ஷிஃப்டுக்கு மாறுகிறான். மனைவி கேட்டில் இருக்கிற துணியை அவிழ்க்கிறாள். வீடு கலகலப்பாகிறது, எல்லோரும் வருகிறார்கள், போகிறார்கள், அவளும் சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள். ஒரு நாள் அவன் வேலைக்குப் போனதும் அவள் கேட்டுக்குப் போய்க் கொக்கியில் துணியைச் சுற்றி முடிச்சுப் போடுகிறாள். உள்ளே போய்க் காலை நீட்டிக்கொண்டு உட்கார்கிறாள். தெரு தன் குரலைத் தணித்துக்கொண்டு போகிறது.

இதை எழுத மேகம் தேவைப்படவில்லை, பெரியப்பா தேவைப்படவில்லை. ஒரே மூச்சில் வந்தது. முதல் முறையாக ஒரு கதையைச் சென்னைக்கு, பத்திரிகைக்கு அனுப்பினேன். திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலால் யாரோ எழுதியிருந்தார்கள்: 'கேட்டில் ஏன் துணி கட்டுகிறாள்?'

எனக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவருக்கு என்னைவிடக் கோபம் வந்துவிட்டது.

"இதுகூடவா தெரியாது? தாலி எதுக்குக் கட்டுதாங்கன்னு கேப்பானா?"

கொஞ்ச நேரம் கழித்து அவரே, "கோவில்பட்டியில நம்ம வீட்டு வாசல்ல இப்படி ஒரு துணியைக் கட்டினா எங்கம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். இங்கே வந்த புதிதில் எனக்கே அந்தத் துணியை யாரோ சொல்லித்தான் தெரியும். அதை உலகத்துக்கே தெரிந்த சங்கதியாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். டவுன்ஷிப்பிலேயே கிடந்தால் அப்படித்தான் ஆகும்.

விளக்கம் எழுதிச் சேர்த்தேன். நைட் ஷிஃப்ட் என்றால் என்ன, கொக்கி எப்படிச் சத்தம் போடும், அதற்கு என்ன வழி செய்கிறார்கள் என்று ஒரு பத்தி. படித்துப் பார்த்தால் வீட்டு உபயோகக் குறிப்பு மாதிரி இருந்தது. விளக்கத்தைச் சுருக்கினேன், நகர்த்தினேன், கதாபாத்திரத்தின் வாயில் போட்டேன். எங்கே வைத்தாலும் துருத்திக்கொண்டு நின்றது. எதிர் வீட்டுக்காரி இருந்தால் கேட்டிருக்கலாம். ஆனால் அவளிடம் இந்தக் கதையைப் பற்றி மூச்சு விடக் கூடாது. காட்டினால் முழுசாகத்தான் காட்ட வேண்டும், கையை வைத்து மூடுவதற்குக் கடைசிப் பத்தியோடு.

ஒரு காலை வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். கீரைக்காரம்மா எங்கள் தெருவுக்குள் திரும்பினார். ஒவ்வொரு கேட்டிலும் நின்று "அரக்கீர, மொளக்கீர" என்று பாடிக்கொண்டே வந்தவர், பக்கத்து வீட்டுக் கேட்டில் துணியைப் பார்த்ததும் பாதிச் சொல்லை அப்படியே விழுங்கினார். அந்த வீட்டைப் பூனைபோலக் கடந்தார். தாண்டியதும் "மொளக்கீர" என்று விட்ட இடத்திலிருந்து எடுத்தார். நான் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். கதையின் முதல் வரியாக அவரை அப்படியே கொண்டு வந்து நிறுத்தினேன். அப்புறம் ஒரு சொல்கூட விளக்கத் தேவைப்படவில்லை. தினமும் பார்த்த காட்சிதான். எத்தனை வருஷமாக என் கேட்டுக்கு முன்னாலேயே கதை எழுதிக் காட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

இந்த முறை திரும்பி வரவில்லை. வந்தது பத்திரிகைதான். உள்ளே என் கதை, ஓரமாக ஒரு சின்னப் படத்தோடு. படத்தில் துணியைக் கேட்டின் உச்சியில் கொடிபோலப் பறக்கவிட்டிருந்தார்கள். பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். வரிசைக்குள் யாருக்கும் காட்டாமல், வீட்டுக்காரர் வேலைக்குப் போனதும் டவுன் பஸ் பிடித்தேன்.

அந்த பிளாக்கில் இறங்கி வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன். வாசலில் முருங்கை வைத்திருந்தாள். கேட்டில் துணி கட்டியிருந்தது.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அந்த வாரம் அவள் வீட்டுக்காரருக்கு என்ன ஷிஃப்ட் என்று இப்போது எனக்கு எப்படித் தெரியும்? இவ்வளவு தூரம் வந்துவிட்டுக் கூப்பிடவும் முடியாது, திரும்பவும் மனசில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முருங்கை நிழலில் நின்றேன். வெகுநேரம் நிற்க வேண்டியிருக்கவில்லை. பிழிந்த துணிகளை வாளியில் எடுத்துக்கொண்டு அவள் பக்கவாட்டில் வந்தாள். என்னைப் பார்த்தாள். முகம் விரிந்து, வாய் திறந்து ஏதோ சொல்ல வந்தாள். நான் பதறிப்போய் உதட்டில் விரலை வைத்துக் கேட்டில் இருந்த துணியைக் காட்டினேன்.

அவள் துணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கையில் செருப்போடு நிற்கிற கோலத்தைப் பார்த்தாள். ஏதோ சிரிப்பை அடக்குகிற மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு, வாளியை வைத்துவிட்டு ஓசைப்படாமல் கேட்டுக்கு வந்தாள். நான் பத்திரிகையைப் பிரித்துக் கேட்டுக்கு மேலாக நீட்டினேன். பேரைப் பார்த்ததும் என் கையை ஒரு பிடி பிடித்துவிட்டு விட்டாள். பிறகு கேட்டின் மேல் பத்திரிகையைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்து, கடைசிப் பத்தியின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

எனக்குக் கதை அச்சில் வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் வரி வரியாக இறங்கியது. கீரைக்காரம்மா வந்த இடத்தில் கன்னம் லேசாக அசைந்தது. கைக்கு மேலே இருக்கிற கடைசி வரிக்கு வந்ததும் நின்றாள். யோசித்த மாதிரியே தெரியவில்லை. தலையை நிமிர்த்தாமல், இன்னொரு கையின் விரலால் கேட்டில் இருந்த முடிச்சைத் தொட்டாள்.

போயிற்று. இதையும் சொல்லிவிட்டாள். இத்தனை வருஷம், பென்சில் குறிப்பு, கீரைக்காரம்மா எல்லாம் சேர்ந்தும் இவள் விரலுக்கு முன்னால் நிற்கவில்லை. நான் தலையை ஆட்டினேன், ஆமாம் என்று. என் முகம் விழுந்திருக்க வேண்டும். அவள் அதைப் பார்க்கவில்லை. கையை எடுத்துவிட்டுக் கடைசிப் பத்தியை நிதானமாகப் படித்தாள். பக்கத்தைத் திருப்புவாள் என்று நினைத்தேன். திருப்பவில்லை. கண் மேலே போயிற்று, தலைப்புக்கு. மறுபடி கீரைக்காரம்மாவிடம் கன்னம் அசைந்தது. மறுபடி வரி வரியாக இறங்கினாள். கையை எங்கேயும் வைக்கவில்லை.

இரண்டாம் முறை படித்தாள். என் கதையை. முடிவு தெரிந்த கதையை.

முடித்ததும் பத்திரிகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, துணி முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன், அவர் எழுந்துவிடப் போகிறார் என்று ஜன்னலைக் காட்டினேன்.

"உள்ள யாரும் தூங்கலிங்க" என்றாள். குசுகுசுவென்று இல்லை, சாதாரணக் குரலில். "அவரு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். காலையிலயே போயிட்டாரு."

நான் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட் வரைக்கும் போய்த் திரும்பியவள். அவள் கட்டியே விட்டிருக்கிறாள். யார் சிரித்தாலும் பரவாயில்லை என்று, பட்டப்பகலில், நல்ல முடிச்சாக.

"தெனமும் இல்லிங்க. எப்பனா ஒரு நாளு கட்டுவேன்" என்றாள். அவிழ்த்த துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு, என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். "உங்களுக்கு யாருங்க சொன்னது?"

"யாரும் சொல்லலை. நானா எழுதினதுதான்."

"பொய் சொல்லாதீங்க. யாரோ சொல்லித்தான் எழுதியிருக்கீங்க."

கடைசி வரைக்கும் அவள் நம்பவில்லை. கொக்கியைத் தூக்கிப் போட்டுக் கேட்டை அகலத் திறந்தாள். அந்தச் சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.